என் பங்கு ஜெபமும் உன் பங்கு மாவும்

சிநேகிதியே,

இன்றைக்கு வெள்ளனே பங்களா சமையற்கட்டைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து அடித்தது. உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரில் சர்க்கரை கலந்து நேற்றே புளிக்க வைத்த நுரை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கக் கீழ்நாட்டில் கள் ஊற்றுவார்கள். இந்தக் குளிர் மலையில் கள்ளுக்கு எங்கே போவது? கிடைத்தாலும் மிஷன் பங்களாவுக்குள் விட்டுவிடுவார்களா? பானை மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "புளிச்சிருச்சு புள்ள, வெரசா மாவைக் கொண்டா" என்று நீ சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்னமோ போ, நீ போய் எத்தனை மழைக்காலம் ஆகிவிட்டது என்பதுகூட என் புத்திக்கு உறைக்க மாட்டேன் என்கிறது.

நீ மலைச்சரிவில் இருக்கிற அடுக்கம் கிராமத்தில் பிறந்தவள். நான் பெரியகுளத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, சீக்கிரமே தாலியறுத்து, ஒற்றைப் பிள்ளையோடு நின்றவள். வெயில் காலத்துக்குத் தங்க வரும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு ரொட்டி சுடுவதும், நம் வேதக்கோயிலில் திருவிருந்துக்கு அப்பம் சுட்டுக் கொடுப்பதும் நம் இரண்டு பேர் சோலி. எனக்கு வாய் அதிகம், உனக்குப் பொறுமை அதிகம். அதனால்தான் ஒரே அடுப்பில் அத்தனை வருஷம் காலம் தள்ள முடிந்தது.

ஒரு மார்கழி, புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்த காலம், மாவு பொங்கவே இல்லை என்று சட்டியை உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாய். மறுநாள் காலையில் உன் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து என்னிடம் முறையிட்டார். "பாருங்கம்மா இந்த அநியாயத்தை! இருந்த ஒத்தக் கம்பளிய மாவுக்குப் போத்தி விட்டுட்டா. கட்டுன புருசன் குளிர்ல கெடக்கேன்!" நீயோ, "திருவிருந்து அப்பத்துக்கு வச்ச மாவுல்ல, நீங்க நாளைக்குத் தூங்குங்க" என்றாய். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தார். உன்னைத் திரும்பிப் பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று நான் குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் என் பிள்ளை ஆசீர் பட்டாளத்தில் சேர்ந்தான். "ஏலே, போகாதலே, எனக்கு உன்ன விட்டா யாருலே இருக்கா" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து கொஞ்ச நாள் கடுதாசி வந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அதுவும் நின்றது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு நாதி இல்லை. நான் கோயிலுக்குப் போவதை விட்டேன். போதகர் வீடு தேடி வந்து, "விசுவாசத்தை விட்டுறாதீங்கம்மா" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்குக் காப்பி கொடுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

உன்னிடம் வந்து வெடித்தேன். "இனிமே நான் ஜெபம் பண்ண மாட்டேன். முழங்கால் போட்டா திட்டுதான் வாயில வருது" என்றேன். நீ வசனம் ஏதாவது எடுத்துச் சொல்வாய், நன்றாகச் சண்டை பிடிக்கலாம் என்று இருந்தேன். நீ கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, "சரி, பண்ண வேண்டாம். உன் பங்கை நான் பண்ணிக்கிறேன். எனக்குத் தோள்பட்டை வலிக்குது. என் பங்கு மாவை நீ பெசஞ்சிரு" என்றாய்.

"அப்படியெல்லாம் மாத்திக்க முடியுமா?"

"ஏன், ஒருத்தி சோலிய இன்னொருத்தி பாக்கிறதில்லையா?"

அன்றிலிருந்து இரட்டை மாவு என் தலையில். நீ காலையில் ஜெபத்தை முடித்துவிட்டு வந்து, அடுப்பை மூட்டிக்கொண்டே என்ன கேட்டாய் என்று ஒப்பிப்பாய். எனக்கு அதிலும் குறைதான். "உசுரோட வைங்கன்னு மட்டும் கேட்டா ஆச்சா? அவனுக்கு மழ பேஞ்சா சளி புடிக்கும், சொன்னியா? பூண்டு போடாத கொழம்பு எறங்காது, அங்க பூண்டு கெடைக்குமோ என்னவோ!"

"அடியே, ஆண்டவர்கிட்ட பூண்டா கேக்கச் சொல்ற?"

"கேட்டா என்ன? பூம்பாறையில அம்புட்டுப் பூண்டையும் வெளைய வைக்கிறது யாராம்?"

"சரித்தா, நாளைக்குக் கேட்டுருவோம்" என்று சிரித்தாய். மறுநாள் கேட்டுவிட்டும் வந்தாய். இன்னொரு நாள், "ஏன் எம்மவனக் கொண்டு போனீருன்னு கேளு. சத்தம் போட்டுக் கேளு. நீ முனங்குனா அவருக்குக் காது கேக்காது" என்றேன். கோழியைக்கூட அதட்டத் தெரியாத நீ மறுநாள் தொண்டை கட்டிப்போய் வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்து நான் மாவுச் சட்டியின் மேலேயே அழுதேன்.

மாவு பிசையும் நேரமெல்லாம் நாளைக்கு உன்னிடம் என்னென்ன சொல்லி அனுப்புவது என்றே என் மனசு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் என்ன என்று இப்போது எனக்குத் தெரிகிறது. உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் "பாத்தியா, நீயும் ஜெபம் பண்றியே" என்று நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. தோள்வலி என்று உனக்கு எதுவுமே கிடையாது என்பதையும் பிற்பாடு உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடிப்பாவி, என்னமாய் ஏமாற்றியிருக்கிறாய்!

ஜப்பான்காரன் சண்டை முடிகிற சமயத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். "இனிமே நீயே சொல்லிக்க புள்ள. எனக்கு மூச்சு வாங்குது" என்றாய். எனக்கு வராது என்றேன். "எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

உன்னை அடக்கம் பண்ணிய பிறகும் எனக்கு வரவில்லை. உன்னையும் எடுத்துக்கொண்டாரே என்று கோபம் இன்னும் கூடத்தான் ஆனது. கோயிலுக்கு மட்டும் போய் உன் இடத்துக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்லி அனுப்ப வேண்டியது மட்டும் மனசில் சேர்ந்துகொண்டே போனது.

ஒரு மத்தியானம், மேகம் இறங்கிக் கிடந்தது. எதிரே யாரோ மெலிந்த மனுஷன் பாதையில் ஏறி வந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எம்மா" என்றான். அந்தக் குரலுக்குத்தான் நான் பிழைத்திருந்தேன். அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் உட்கார வைத்துக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு வெளியே ஓடினேன். "எங்கம்மா ஓடுற?" என்று அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை.

உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். பேரிக்காய்த் தோட்டத்துச் சரிவில் விழுந்து எழுந்து, மூச்சிரைக்க உன் வாசலில் வந்து நின்றேன். கதவில் பூட்டுத் தொங்கியது. உன் வீட்டுக்காரர் தங்கச்சி வீட்டோடு இருக்க அடுக்கத்துக்குப் போய்விட்டாரே. அது எனக்குத் தெரியாதா? காலுக்குத்தான் தெரியவில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு, மகன் கிடைத்த அன்றைக்கு, மகன் செத்தவள் மாதிரி அழுதேன். இந்த நல்ல சேதியைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.

அப்போதுதான் வாய் திறந்தது. "ஆண்டவரே, அவ உம்மகிட்டதான இருக்கா. ஆசீர் வந்துட்டான்னு அவகிட்டச் சொல்லிரும். வெரசாச் சொல்லும், காத்துக்கிட்டு இருப்பா" என்றேன். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் நானாகப் பண்ணிய முதல் ஜெபம் அது. போதகர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும். இன்றைக்கும் முழங்கால் போட்டால், உனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பிவிட்டுத்தான் எனக்கு மற்றதெல்லாம் வருகிறது.