டிராகனுக்காக வாய் திறந்தேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஆறு மாதமாக அந்தச் செல்போன் விளையாட்டில் மைக்கைத் திறந்ததில்லை. என் அணியில் இருக்கும் சாலைக் கடைத்தெருப் பையன்கள் நால்வருக்கும் நான் பேசாத அண்ணன். இன்று மத்தியானம் நால்வரும் எதிரி ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். வரைபடத்தின் மறுபக்கம் டிராகன் வரும் நேரம். அதை வீழ்த்தினால் அணிக்கே பலம் கூடும். ஒருவனைக் கொன்று என்ன லாபம்? கான்வென்டில் வரைபடம் படித்தவளுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் திறந்தேன்.

“அவனை விடுங்கள். டிராகனுக்கு வாருங்கள்.”

“அய்யோ, அண்ணனோட அம்மையா? ஃபோனை அண்ணன்ட்ட கொடுங்கம்மா, களி தோத்துப்போகும்!”

“சும்மா இருடா, அம்மா சொன்னது சரியாக்கும்.”

வந்தார்கள். டிராகன் விழுந்தது; அவன் ‘களி’ என்ற ஆட்டத்தில் வென்றோம்.

“அண்ணன்ட்ட சொல்லுங்கம்மா, நாளைக்கும் மூணு மணி. அண்ணன் இல்லாம நம்மளக்கொண்டு ஆகாது.”

“சொல்கிறேன்” என்றேன். எனக்குப் பிள்ளை கிடையாது. ஆனாலும் திருத்தவில்லை. அந்த அண்ணனே ஒரு பாட்டி என்று தெரிந்தால் நாளை அழைப்பார்களா?

போகும்போது ஒருவன், “சாப்டாச்சாம்மா?” என்றான். என் கணவர் இறந்த பிறகு இந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் பதில் சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது. நாளை மூன்று மணிக்கு மைக்கைத் திறந்தால் அண்ணன் போய்விடுவான். திறக்காவிட்டால் அந்தப் பையனுக்கு, சாப்பிட்டாயிற்று என்று யார் சொல்வது?