செந்தூரன் சைக்கிளில் மலை இறங்கினான்

இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இத்தனை வருடமும் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன். கனடாவிலிருந்து வந்து ஒரு கிழமையாகிறது. இணுவிலில் வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. பக்கத்து வளவுக்காரர் வேலியை நமது பக்கம் அரை முழம் தள்ளிப் போட்டிருக்கிறார். நீங்கள் இருந்திருந்தால் பெரிய சண்டை நடந்திருக்கும். எனக்கு இப்போது அதற்கு மனமில்லை.

சொல்ல வந்தது நம் மகன் செந்தூரனைப் பற்றி. முகத்தைத் திருப்பாதீர்கள். இந்த முறை முழுவதையும் கேட்கத்தான் வேண்டும்.

அவன் ரொறன்ரோவில் வங்கி வேலையை விட்டுவிட்டு, மலையில் சைக்கிள் ஓடப் பழக்குகிற வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்ட அன்று நீங்கள் போட்ட சத்தம் ஒழுங்கையில் இருக்கிற வீடெல்லாம் கேட்டது. "சைக்கிள் ஓடுறதுக்கு என்னத்துக்குக் கனடா? அதை இஞ்சையே ஓடியிருக்கலாமே!" அதோடு அவனுடன் கதைப்பதை விட்டீர்கள். உங்களுக்குக் கொள்ளி வைக்க அவன் வந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சடங்கு முடிந்ததும் போய்விட்டான். கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை, எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உங்கள் மேல் அவனுக்குப் பாசம் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வரத்தான் இந்த முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் போனேன்.

போனால், ஆடி அமாவாசை வருகிற சனி ஞாயிறில் மலையில் வகுப்பு இருக்கிறதாம், என்னையும் கூட்டிப் போகிறானாம். தகப்பனை இழந்த பிள்ளை விரதம் பிடிக்கிற நாள்! நீங்கள் உங்கள் அப்பாவுக்காக வருடம் தவறாமல் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் முழுகிவிட்டு, வெறும் வயிற்றோடு சைக்கிள் மிதித்து வருவீர்கள். இவனுக்கு அந்த நினைப்பே இல்லையே என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் கேட்கவில்லை. கேட்காமல் மனதுக்குள் வைத்துக் கொதிப்பதுதானே நம் வீட்டுப் பழக்கம்.

பனிக்காலத்தில் சனம் சறுக்கி விளையாடுகிற மலை அது. கோடையில் பனி போய்ப் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. அப்போது கம்பியில் தொங்கும் கதிரைகளில் உட்கார்ந்து ஆட்கள் உச்சிக்குப் போகிறார்கள், சைக்கிளும் கூடவே தொங்கிக்கொண்டு போகிறது. பிறகு கல்லுக்கும் வேருக்கும் மேலால், செங்குத்தான சரிவில், அந்தச் சைக்கிளிலேயே இறங்குகிறார்கள். இறங்கியதும் மறுபடி கதிரையில் ஏறுகிறார்கள். நாள் முழுக்க இதுதான். தலைக்கு, நெஞ்சுக்கு, முழங்காலுக்கு என்று எல்லாவற்றுக்கும் கவசம். "உதென்னடா விளையாட்டு?" என்று கேட்டேன். சிரித்தான்.

சனிக்கிழமை சின்னப் பிள்ளைகள் பழகுகிற சிறிய சரிவில் நின்றுகொண்டிருந்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "சங்கக்கடை வேலைக்குச் சீலையோடை சைக்கிள் ஓடினவள் நான். எனக்கும் ஒண்டு தா பாப்பம்" என்றேன். தந்தான். நாலு பாகத் தூரம் போனதும் வேகம் பிடித்தது. நான் மிதிப்பதை நிறுத்தினேன். நம் ஊர்த் தெருவில் மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்சத் தூரத்தில் சைக்கிள் தானாக நின்றுவிடும் அல்லவா? அங்கே அது இன்னும் கூடப் பறந்தது.

"அம்மா! பிறேக்! பிறேக்கைப் பிடியுங்கோ!"

அவன் கத்திக்கொண்டு ஓடிவர, நான் ஓரத்தில் தடுப்பாக அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் மோதிப் புல்லில் கிடந்தேன். காயமில்லை, மானம்தான் போனது. "மிதிக்கிறதை விட்டா நிக்கும் எண்டெல்லோ நினைச்சன்" என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்பாவும் இதைத்தான் செய்திருப்பார்" என்றான். சட்டென்று சிரிப்பு நின்றது. நான் போய் இறங்கியதிலிருந்து அவன் உங்களைப் பற்றிச் சொன்ன முதல் சொல் அது.

நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள் போலிருக்கிறது. அவனோடு கதைப்பதை நிறுத்தினால் பிரச்சினை அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று. அன்றிரவு இதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் வகுப்பு முடிந்து, கடைசித் தடவையாக இரண்டு பேரும் ஒரே கதிரையில் மேலே போனோம். நான் பையிலிருந்து பிஸ்கற்றை எடுத்து நீட்டினேன். விரதத்தை மறந்தவனுக்கு என்ன மரியாதை என்ற கோபத்தில்தான் நீட்டினேன்.

"வேண்டாம் அம்மா. இண்டைக்கு ஆடி அமாவாசை எல்லோ. காலமை குளிச்சுக் கும்பிட்டிட்டுத்தான் வந்தனான். நீங்கள் சமைச்சுத் தாங்கோ, காகத்துக்கு வைச்சிட்டுச் சாப்பிடுவம்."

எனக்குக் கை கூசியது. பிஸ்கற்றை உள்ளே வைத்தேன். பிறகு அவனே தொடங்கினான்.

"அப்பாவை இஞ்சை கூப்பிடத்தான் அண்டைக்குப் போன் எடுத்தனான்."

நீங்கள் கண்மூடுவதற்கு முந்திய கோடையாம். ஒருமுறை வந்து பாருங்கோ அப்பா, நான் என்ன செய்யிறன் எண்டு பாத்திட்டுப் பிறகு ஏசுங்கோ என்று சொல்லத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்தானாம். நீங்கள்தான் போனைத் தூக்கினீர்களாம். அவன் "அப்பா" என்றதும், வழக்கம்போல "கொம்மாட்டைக் குடுக்கிறன்" என்று என் கையில் தந்துவிட்டீர்கள். அவன் என்னிடம் "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான் அன்றைக்குக் கதை.

"போனை உங்களிட்டைத் தந்திட்டு அவர் எங்கை போறவர்?" என்று கேட்டான்.

"எங்கையும் போறேல்லையடா. கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். நான் வைச்ச உடனை 'என்னவாம்?' எண்டு கேப்பார்."

"நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"ஒண்டுமில்லை, சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டவன் எண்டு சொல்லுவன்."

அவன் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டான். உச்சியில் சைக்கிளை இறக்கியவன் என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனான். நான் அதே கதிரையில் தனியே கீழே வந்தேன். மரங்களுக்கிடையில் தெரிகிறான், மறைகிறான். ஒரு பாறையிலிருந்து சைக்கிளோடு பாய்ந்தபோது நான் கதிரைக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். ஆனால் என்ன ஓட்டம் தெரியுமா! வழியில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். கீழே வந்து அவன் கவசத்தைக் கழற்றியபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. மலை முழுக்க அழுதுகொண்டு வந்திருக்கிறான். கொள்ளி வைத்த அன்று வராத அழுகை.

நீங்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். நான் இருந்த கதிரையில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. ஏன் அந்த போனை என் கையில் தந்தீர்கள்? நீளமாகக் கதைக்க வேண்டாம், "என்னடா" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் மிச்சத்தை அவன் சொல்லியிருப்பானே. உங்களுக்கும் கேட்க ஆசைதானே? இல்லாவிட்டால் கதவடியில் என்ன வேலை? எனக்கு ஆறவில்லை. உங்களோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

நேற்று அவன் போன் எடுத்தான். சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

"அம்மா, அப்பாட்டைக் குடுங்கோ" என்றான்.

போனை உங்கள் படத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு வந்தேன், அவன் அப்போதும் கதைத்துக்கொண்டிருந்தான். இனி அவன் எடுக்கிற நேரமெல்லாம் உங்களிடமே கொண்டுவந்து தருகிறேன். கதவடியில் நிற்கமாட்டேன். என்னவாம் என்று கேட்கவும் மாட்டேன்.

உங்கள் மனைவி,
செந்தூரனின் அம்மா