ஆள்காட்டி நானல்ல, அந்தப் பறவை

அனுப்புநர்
அ. சூசைமரியான்,
த/பெ அந்தோணி,
செம்பொட்டல், ஒக்கூர் வழி,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: அரிய பறவை – செம்பொட்டல் – என் நிலத்தில் வந்து தங்கியது – அறிவிப்புப் பதாகையில் ஓர் எழுத்தால் என் பெயர் கெட்டது – பதாகையைத் திருத்தவும், நான் ஆள்காட்டி அல்ல என்று சான்று வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் மனைவி யூஜினியாவுடன் குடியிருந்து, கடலை போட்டும் ஆடு வளர்த்தும் பிழைத்து வருகிறேன். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் எந்த மனுவும் கொடுத்தவன் இல்லை. இந்த மனுவைக் கொடுக்க வருவதுகூட ஊரில் யாருக்கும் தெரியாது. பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி, பேருந்து ஏறும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன். காரணத்தைக் கீழே பணிவுடன் எழுதுகிறேன்.

1. என் வீட்டுக்குப் பின்னால் எனக்குச் சொந்தமான பொட்டல் உள்ளது. கருவேல முள்ளைத் தவிர அங்கு எதுவும் முளைக்காது. பொங்கல் கழிந்து அங்கு மேய்ந்த ஆக்காட்டிக் குருவிகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைக் கண்டேன். எங்கள் ஊர் ஆக்காட்டிக்கு மஞ்சள் கால். இதற்குக் கறுப்புக் கால், தலையில் கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு மேல் திருநீறு இட்டது போல வெள்ளைப் பட்டை. கைப்பேசியில் படம் எடுத்து, காரைக்குடியில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் சத்தியப்பிரியா அவர்களுக்கு அனுப்பினேன். அவர் 'பொட்டல் பறவை நண்பர்கள்' என்ற குழுவை நடத்துகிறார். அரை மணி நேரத்தில் அழுதுகொண்டே போன் செய்தார். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் கூட அழுதேன். பிறகுதான் அது மகிழ்ச்சி என்று தெரிந்தது.

2. அந்தப் பறவை வடக்கே பாலைவனப் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்கும் இனமாம். வழி தவறி நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டதாம். என் நிலத்தைப் பாலைவனம் என்று நம்பி அது இறங்கியதில் எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதான் என்று ஆடுகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

3. மறுநாள் முதல் ஜீப்புகள் வந்தன. இலை தழை போட்ட சட்டை அணிந்தவர்கள் இறங்கி, என் பொட்டலில் குப்புறப் படுத்து, மூன்று கால் வைத்த பெரிய தூரநோக்கியை ஊரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். பறவை ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது. அதனால் வேறு பக்கம் திருப்ப வழியில்லை. பறவை பயப்படும் என்று காதோடு காதாகத்தான் பேசினார்கள். பார்த்ததைக் குறித்துக்கொண்டு, போகும்போது ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஊரார் இதையெல்லாம் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4. பறவைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று குழுவினர் ஊர் முகப்பில் ஒரு பதாகை வைத்தார்கள். பறவையை முதலில் கண்டவன் என்ற முறையில் என் படத்தையும் கேட்டார்கள். கைகூப்பிய படம் ஒன்று கொடுத்தேன். நன்றாக விழுந்த படம் என்பதால் கொடுத்தேன். வேறு உள்நோக்கம் இல்லை. பதாகை அடித்த கடைக்காரர் அதுவரை காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும் மட்டுமே அடித்தவர் போலும். என்னை ஆளுயரத்துக்குப் போட்டுவிட்டு, கட்சிப் பதாகையில் தலைவர் படம் வரும் மேல் மூலையில் பறவையைத் தபால்தலை அளவு போட்டுவிட்டார். பதாகையில் உள்ள வாசகம் பின்வருமாறு:

"இங்கே ஓர் அரிய ஆள்காட்டி உள்ளது. காலை, மாலை வேளைகளில் காணலாம். அருகில் செல்லாதீர்கள். தீங்கு செய்வோர் மீதும், இப்பதாகையைச் சேதப்படுத்துவோர் மீதும் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

5. அடுத்து அடித்த காற்றில் பதாகை ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த மூலையைப் பறவையோடு சேர்த்து ஓர் ஆடு தின்றுவிட்டது. அது என்னுடைய ஆடுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு யாரோ பதாகையை நிமிர்த்தி நன்றாகக் கட்டினார்கள். இப்போது அதில் இருப்பது என் முகமும் மேற்படி வாசகமும் மட்டுமே.

6. தாங்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். எங்கள் பக்கம் அந்தக் குருவிக்கு 'ஆக்காட்டி' என்றுதான் பெயர். புத்தகத்தில் 'ஆள்காட்டி' என்று எழுதுவார்களாம். எங்கள் ஊரில் 'ஆள்காட்டி' என்றால் போலீசுக்குத் துப்புச் சொல்பவன் என்று ஒரே அர்த்தம்தான் உண்டு. 'க்' இருக்க வேண்டிய இடத்தில் 'ள்' இருந்ததால் கெட்டவன் நான்.

7. கெட்ட நேரம், அதே வாரத்தில் மின்வாரியத்தார் வந்து, கம்பியில் கொக்கி போட்டிருந்த சில வீடுகளைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் காவல்துறையினர் கருவேலக் காட்டுக்குள் நடந்த சேவல் சண்டையைச் சுற்றி வளைத்து, ஊரில் இருந்த சேவல் அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தெந்த வீடுகள், யார் யாருடைய சேவல்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். தாங்களும் அருள்கூர்ந்து கேட்க வேண்டாம்.

8. அன்று முதல் ஊரில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. நான் போய் நின்றால் பேச்சு உடனே மழையைப் பற்றி மாறிவிடுகிறது. மாசி மாதத்தில் எத்தனை நேரம்தான் மழையைப் பற்றிப் பேசுவார்கள்? ஒளிக்க ஒன்றுமே இல்லாதவர்கள்கூட என்னைக் கண்டால் கையிலிருக்கும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். பாண்டீஸ்வரி என்பவர் மட்டும் தேடி வந்து பேசினார். அவர் கணவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார் என்பதை மேலிடத்தில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். எனக்கு மேலிடம் எதுவும் இல்லை என்றேன். "எல்லாரையும் காட்டிக்குடுக்குறீக, எங்க வீட்டுக்காரர மட்டும் விட்டுட்டீகளே, இது ஞாயமா?" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்.

9. என் மனைவி தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் வரிசை தானாகக் கலைந்துவிடுகிறது. தண்ணீர் உடனே கிடைக்கிறது. ஆனால் பேச்சுத்துணை கிடைப்பதில்லை. "ஒரு குருவியக் காட்டப் போயி குடும்பத்தையே காட்டிக்குடுத்துட்டீகளே" என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

10. ஜான் பீட்டர் என்பவர் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். பறவை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அவரிடம் என் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். "அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அங்குட்டுப் போயி விசாரிங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அங்குட்டுப் போய், சுற்றிக்கொண்டு மறுபடி அவரிடமே வந்து கேட்டார்கள். மறுபடியும் தெரியாது என்றார். மூன்றாவது முறை சத்தியம் செய்தார். வேதத்தில் இராயப்பர், அதாவது பீட்டர், ஆண்டவரை இப்படி மூன்று முறை மறுதலித்ததும் சேவல் கூவும், மறுதலித்தவர் மனம் கசந்து அழுவார். பெயர்ப் பொருத்தம் உள்ள என் மைத்துனரும் அழுதிருப்பார். ஆனால் கூவுவதற்கு ஊரில் சேவல் இல்லை. எல்லாம் காவல் நிலையத்தில் இருந்தன.

11. இதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது இனிமேல்தான். எங்கள் சிற்றாலயத்தில் ஆண்டுதோறும் பெரிய வெள்ளிக்கு, ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவது வழக்கம். என் தலை நரைக்கும் முன்பிருந்தே இராயப்பர் வேடம் என்னுடையது. இப்போது அந்தத் தாடிக்கு ஒட்டுமுடிகூட வேண்டியதில்லை. என் பேரப்பிள்ளைகள் மதுரையிலிருந்து வருவதே அதைப் பார்க்கத்தான். இந்த ஆண்டு நாடகக் குழு கூடி, எனக்கு, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் வேடத்தைக் கொடுத்துவிட்டது. குழுத் தலைவர் சதீஷ்குமார் சவரிமுத்து எனக்கு மருமகன் முறை. "நடிப்புத்தானே மாமா, ஏன் மொகத்தத் தூக்குறீக? இந்த வருசம் உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்" என்றார். இராயப்பர் வேடம் ஜான் பீட்டருக்குப் போய்விட்டது. அதற்கு அவரும் பொருத்தம்தான் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அய்யா, என் பேத்தி முன்னால் நான் யூதாஸாக வந்து நின்றால், அதற்குப் பிறகு அந்த வேடத்தைக் கழற்றவே முடியாது. சாகும்வரை அதுதான் என் பெயர். என் பிள்ளைகளுக்கும் 'ஆள்காட்டி வீடு' என்பதே முகவரியாகிவிடும்.

12. நான் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவையை நேரில் காட்ட முயன்றேன். நான் விரலை நீட்டியதும் அது பறந்துவிட்டது. மிச்சம் தெரிந்தது கருவேலக் காடும், அதை நோக்கி நீண்டிருந்த என் ஆள்காட்டி விரலும்தான். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலயத்தில் எழுந்து நின்று, 'ஆள்காட்டி என்பது ஒரு பறவை' என்று விளக்கினேன். "போர்டுல மூஞ்சியப் போட்டே எழுதியிருக்கு, இன்னும் என்ன குருவி?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று தெரியும். சொல்ல மாட்டேன். சத்தியப்பிரியா அவர்கள் பெரிய புத்தகத்தோடு வந்து விளக்குவதாகச் சொன்னார். இன்னொரு ஜீப்பை ஊர் தாங்காது என்று நான்தான் தடுத்தேன். தார் பூசி அந்த 'ள்' எழுத்தை மறைக்கவும் ஏணியோடு போனேன். ஆனால் பதாகையைச் சேதப்படுத்துவோர் மீது நடவடிக்கை என்று அதிலேயே எழுதியிருப்பதால், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எனவே, கீழ்க்கண்டவற்றைச் செய்து தரும்படி மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்:

(அ) மேற்படி பதாகையில் 'ள்' எழுத்தை எடுத்துவிட்டு 'க்' எழுத்தை வைக்க உத்தரவிட வேண்டும். என் படத்தையும் எடுத்துவிடலாம். இப்போது அது நன்றாக விழுந்த படமாக எனக்குத் தோன்றவில்லை.

(ஆ) சூசைமரியான் ஆள்காட்டி அல்ல, மேற்படி பறவையே ஆள்காட்டி என்று பெரிய வெள்ளிக்கு முன்பாக ஒரு சான்று வழங்க வேண்டும்.

(இ) சேவல்களை, சட்டத்தில் இடம் இருந்தால், உரியவர்களிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். உரியவர்கள் யார் என்று என்னிடம் விசாரிக்கக் கூடாது.

(ஈ) இந்த மனுவை விசாரிக்க அதிகாரி யாரையும் ஜீப்பில் அனுப்ப வேண்டாம். வந்தே ஆக வேண்டுமென்றால் பேருந்தில், கைலி கட்டி, ஆடு வாங்க வருபவர் போல வரச் சொல்லவும். பதிலை அரசு முத்திரை போட்ட உறையில் அனுப்பினால் என் கதை அதோடு முடிந்தது. கல்யாணப் பத்திரிகை உறையில் மஞ்சள் தடவி அனுப்பினால் நல்லது.

இணைப்பு: பதாகையின் புகைப்படம் ஒன்று. பறவையின் புகைப்படம் ஒன்று. ஊராரின் ஆதரவுக் கையெழுத்துகள் இணைக்கப்படவில்லை. கேட்டால் மனு கொடுப்பது தெரிந்துவிடும்.

மேலும் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. அந்தப் பறவை கூட்டத்தோடு வாழும் இனம் என்று சத்தியப்பிரியா அவர்கள் சொன்னார். இங்கே ஒண்டியாக வந்து சேர்ந்ததை எங்கள் ஊர் ஆக்காட்டிகள் ஒன்றும் கேட்காமல் தங்களோடு மேயவிட்டன. நேற்று மாலைவரை பொட்டலில் நானும் அந்தக் குருவிகளும்தான் இருந்தோம். இன்று காலை போய்ப் பார்த்தேன். அது கிளம்பிவிட்டது. ஊர் எல்லை தாண்டி வரப்புவரை நடந்து தேடினேன், இல்லை. ஆகவே, தாங்கள் விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். பதாகை இன்னும் நிற்கிறது. 'இங்கே ஓர் அரிய ஆள்காட்டி உள்ளது' என்று அதில் எழுதியிருப்பதற்கு, இன்று முதல் இந்த ஊரில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

இடம்: சிவகங்கை
நாள்: 02.03.2026

இப்படிக்கு,
யாரையும் காட்டிக்கொடுக்காத,
அ. சூசைமரியான்