பாலில் பிசைந்த மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இந்த வாடகை வீட்டில் கரப்பான்பூச்சித் தொல்லை. நீ சொன்னபடி போரிக் பவுடரைக் கோதுமை மாவு, சர்க்கரையோடு கலந்து, பால் விட்டுப் பிசைந்து உருட்டித் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பினால், வேலையிலிருந்து பசியோடு வந்த அறைத்தோழி ஒன்றை வாயருகே கொண்டுபோயிருந்தாள். பாய்ந்து தட்டிவிட்டேன்.

"ஏங்க்கா, ஒரு உருண்டைக்கு இந்த அடியா?"

"அடியே, அது கரப்பானுக்கு வச்ச விஷம்டி!"

வாய் கொப்பளிக்க வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை.

"பலகாரம்னு நெனச்சேன்க்கா. இங்க வந்ததுலேர்ந்து யாரும் எனக்கு எதையும் உருட்டித் தந்ததில்ல" என்றாள்.

யாராவது இங்கே வந்தால், உன் கையால் ஏதாவது இனிப்பு உருட்டிக் கொடுத்தனுப்பு. அவளுக்குத்தான். எனக்கும் கொஞ்சம். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்