சாட்சி சொன்ன வீடு

மார்ச் 4, செவ்வாய்

மேட்டுத் தெரு முழுக்க நடந்து கால் விட்டுப்போயிற்று. எங்கள் ஜெபக் கூடத்துப் பெண்கள் வாராவாரம் வீடு வீடாகப் போய்ச் செய்யும் ஊழியம் இது. பிரஷர் கருவி என் தோளில், சர்க்கரைக் கருவி அக்காவின் கைப்பையில். அக்கா எங்கள் குழுவுக்குத் தலைவி. பாஸ்டர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்த வீட்டிலும் முதலில் ஜெபம், பிறகுதான் கருவி.

தையல்காரம்மா வீட்டில் மட்டும் நிற்பதில்லை. போன வருடம் அவர் கூடத்தில் எழுந்து நின்று, தன் சர்க்கரை வியாதி ஜெபத்தால் போய்விட்டது என்று சாட்சி சொன்னார். நானும் கை சிவக்கத் தட்டினேன். சாட்சி சொன்ன வீட்டில் கருவியை எடுக்கக் கூடாது, அது கடவுளையே சோதிப்பது என்பார் அக்கா.

இன்று கடந்து போகும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். மெஷினை இடது காலால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார். வலது கால் துணி மூட்டையின் மேல் கிடந்தது.

மார்ச் 5

ஏன் ஒற்றைக் கால்?

மார்ச் 6, வியாழன்

நல்ல தலையணை உறை ஒன்றை நானே கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது தானா கிழிஞ்சதில்லையே" என்றார். தொழில்காரியிடம் என் கள்ளத்தனம் எடுபடுமா?

காலைக் காட்டச் சொன்னேன். செருப்புக் கடிதான் என்றார். சுண்டுவிரல் கறுத்துப்போயிருக்கிறது. வாடை வேறு. மாத்திரையைச் சாட்சி சொன்ன அன்றோடு நிறுத்திவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இனி எந்த முகத்தோட மாத்திரையைத் தொடுவேன்?"

கால் போனால் அவர் எதை வைத்து மிதிப்பார்? எதைச் சாப்பிடுவார்?

மார்ச் 7

அக்காவிடம் போனில் சொன்னேன். நாமே போய் விரலைக் குத்தினால் அந்தச் சாட்சி என்ன ஆகும், ஊர் சிரிக்காதா என்றார். கால் போனால் மட்டும் சிரிக்காதா என்றேன். போனை வைத்துவிட்டார்.

அக்கா கெட்டவர் இல்லை. என் மாமியார் படுக்கையில் கிடந்தபோது முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட கை அது. அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

மார்ச் 8, சனி

என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "நீ தினமும் காலையில பிரஷர் மாத்திரை போடுறியே, அது உங்க கூடத்துக்குத் தெரியுமா?"

யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மனுஷனுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்தேன். எனக்குப் பல வருடமாகப் பிரஷர் இருக்கிறது, இன்னும் போகவில்லை, காலையில் மாத்திரையைக் கையில் வைத்து ஸ்தோத்திரம் சொல்லித்தான் விழுங்குகிறேன் என்றேன். அவ்வளவுதான். பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன்.

ஒருத்தரும் கைதட்டவில்லை. யாரோ இருமினார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தேவையா எனக்கு இது? வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

விடிந்ததும் சமையலறை வாசலில் தையல்காரம்மா. நொண்டிக்கொண்டே வந்திருக்கிறார். கைவிரலை நீட்டினார்.

கருவி அக்காவின் பையில் அல்லவா இருக்கிறது! வேறு வழியில்லாமல் போன் போட்டேன். நான் சொல்லி முடித்ததும் வைத்துவிட்டார். சரி, தொலைந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாராத தலையோடு அக்கா வந்து நின்றார்.

குத்தினார். கருவி எண்ணே காட்டவில்லை. தன் அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. நாங்கள் இருவரும் பழக்கத்தில் கண்ணை மூடினோம்.

"கண்ணைத் திற. முதல்ல ஆட்டோவைக் கூப்பிடு" என்றார் அக்கா.

ஜெபத்தை ஆட்டோவில் செய்தோம். அக்கா அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கக் குலுங்க, வார்த்தை வராமல் ஜெபித்தார்.

மார்ச் 12

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பிவிடும் என்கிறார் டாக்டர். அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். நான் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8

தலையணை உறை தைத்து வந்தது. கிழிசல் எங்கே என்றே தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

தையல்காரம்மா ஊன்றுகோலோடு எழுந்து நின்றார்.

"எனக்குச் சர்க்கரை போகலை. விரல்தான் போச்சு. காலு இருக்கு. மாத்திரை போடுறேன். ஸ்தோத்திரம்."

அக்காதான் முதலில் கைதட்டினார்.

ஆராதனை முடிந்ததும் பின்பக்கம் மேசை போட்டு, வருகிறவர்களுக்குச் சர்க்கரை பார்ப்பதாக அக்கா அறிவித்திருந்தார். யார் வரப்போகிறார்கள் என்றிருந்தேன். மேசையை விரிப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. முன்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் ஒரு காலத்தில் சாட்சி சொன்னவர்கள்.