சிவப்பு வண்டியை விற்ற பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். இங்கே சொவெட்டோவில் குளிர் தொடங்கிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

ம்டன்ட்சேன் ஊரில் உங்களுக்காகப் பார்த்த வீடு நமக்கு முடிந்துவிட்டது. என் சிவப்பு பிஎம்டபிள்யூ காரை விற்றுத்தான் வாங்கினேன். "வீடு கெடக்கட்டும், உன் சந்தோஷத்தை விக்காதேடி" என்றீர்கள். மூன்றாவது வீட்டுக்காரரும் உங்களைக் காலி செய்யச் சொன்ன பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை.

வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் நான் வண்டியைச் சுழற்றி வித்தை காட்டிவந்த மைதானத்தில்தான் சாவியைக் கொடுத்தேன். வாங்கிய ம்துன்சி நல்லவன்.

"அக்கா, கடைசியா ஒரு சுத்து நீங்களே சுத்துங்க" என்றான்.

"ஏறினா இறங்க மாட்டேன்டா, போ!" என்று சிரித்தேன்.

அவன் சுழற்றியபோது டயர் புகையில் ஓட்டுபவர் முகம் தெரியவில்லை. வண்டியை அடையாளம் கண்ட கூட்டம், "சுகிஸ்வா! சுகிஸ்வா!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் கம்பிவேலிக்கு வெளியே நின்று எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். இப்போது வேலைக்குப் போகும் மினிபஸ்ஸில் ஜன்னல் மூடுவதில்லை. இன்னொன்று, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு போன் செய்யுங்கள். எதைப் பற்றியாவது பேசிக்கொண்டே இருங்கள், அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
சுகிஸ்வா