மை கலையாத கடிதம்

என் அன்புக்குரிய உங்களுக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீங்களும் நலம் என்றுதான் போன மாதம் வந்த கடிதத்தில் இருந்தது. அதை நம்ப முடியாமல்தான் இதை எழுதுகிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. என்னைப் போன்ற வாயாடிக்கு அது பெரிய வசதி.

முதலில் வீட்டுச் செய்தி. நம் மகள் குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாய்ப்பாடு ஒப்பித்தால் பாதி காற்றாகப் போகிறது, ஆனாலும் நிறுத்த மாட்டேன் என்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. வந்து சரிசெய்கிறேன் என்று நீங்கள் சொன்னதால் ஆளைக் கூப்பிடவில்லை, வாளி வைத்திருக்கிறேன்.

வேலையில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. எங்கள் குழுவில் நெட்டையக்கா இருக்கிறாளே, ‘ஏணி எதுக்கு, நான்தான் இருக்கேனே’ என்று உயரமான செடிவேலியை எல்லாம் நின்ற இடத்திலிருந்தே வெட்டுவாளே, அவளுக்குத்தான்.

உங்களுக்கு நினைவிருக்கும். வேலி வெட்டும் மெஷின் இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஓடும், ஒரு கையை எடுத்தால் அதன் வெட்டும் பல் நின்றுவிடும். இங்கே தோட்ட வேலையில் இருந்தபோது நீங்கள்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். மெஷினை வலது கைக்காரனுக்காகச் செய்திருக்கிறான், என்னுடைய நல்ல கை முன்பிடியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது என்று சொல்லி, முன்பிடியில் அழுத்திப் பிடிக்கும் கம்பியைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினீர்கள். அப்புறம் வலது கையில் மெஷின் தானாக ஓடியது, வெட்டிய கிளையை உங்கள் இடது கை இழுத்துப் போட்டது. பாதி நேரத்தில் வேலை முடிந்தது. எல்லோரும் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம்.

நீங்கள் இதே வேலைக்கு வெளிநாடு போன பிறகு டியூப் கட்டுவது என் பொறுப்பாகிவிட்டது. தினமும் காலையில் சூப்பர்வைசர் இரண்டு கை, கையுறை, கண்ணாடி என்று தாளைப் பார்த்துப் படிப்பார். நாங்கள் கையெழுத்துப் போடுவோம். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் ஒவ்வொரு மெஷினாகக் கட்டிக்கொண்டு வருவேன். புருஷனை மாதிரியே கெட்டிக்காரி என்பார்கள். அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு ஆபீஸ் வாகன நிறுத்தத்தில் வேலை. கம்பிவலைக்குள் மாட்டிய கிளை ஒன்றை அக்கா இடது கையால் இழுத்தாள். கிளை சட்டென்று விடுபட்டது. ஆள் தடுமாறி, கை நேரே பல்லுக்குள் போய்விட்டது. மெஷின் நிற்கவில்லை. எப்படி நிற்கும், நான் கட்டியதல்லவா? நான் ஓடிப்போய் அணைத்தேன். இரண்டு விரல் போய்விட்டது. அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

மறுநாள் வேலை தொடங்கும் முன் ஆறு மெஷினிலும் டியூபை அறுத்துப் போட்டேன். நான்தான் கட்டினேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் வாய் திறக்கவில்லை. என் வேலை இருக்குமா போகுமா என்று தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படக்கூட எனக்கு இப்போது மனம் இல்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கை பெரிய கட்டுக்குள் இருந்தது. நான் உட்கார்ந்திருக்கும்போதே ஊரிலிருந்து அவள் அம்மா போன் செய்தார்கள். முகம் மாறாமல் பேசினாள். ‘முள்ளு குத்திக் கை வீங்கியிருக்கும்மா, நாலு நாள்ல சரியாயிடும்’ என்றாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். நான் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, ‘அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு அம்மா என்ன பண்ணப் போறாங்க? நேர்ல பாக்குறப்ப பாத்துக்கட்டும்’ என்றாள்.

உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. முள் குத்திக் கை வீங்கியிருக்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும், அதனால் அறையில் கூட இருப்பவர் எழுதித் தருகிறார் என்றுதானே அதில் இருந்தது? அதே முள், அதே வீக்கம், அதே நாலு நாள்.

வீட்டுக்கு வந்து அதை மறுபடி பிரித்துப் பார்த்தேன். நீங்கள் இடது கையால் எழுதுவதால் உங்கள் கடிதத்தில் எப்போதும் வரிக்கு வரி மை கலைந்திருக்கும், படிப்பதற்குள் எனக்குக் கண் வலிக்கும். இது சுத்தமாக, முத்து முத்தாக இருக்கிறது. வந்த அன்றே குட்டி, ‘அப்பா எழுத்து இப்ப அழகாயிடுச்சும்மா’ என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி. நாலு நாள் போய் இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது. போன் செய்தால் குரல் மட்டும்தான் வருகிறது. கேமரா கெட்டுவிட்டது என்கிறீர்கள். குட்டி முகத்தைப் பார்க்காமல் மூன்று நாள் தாங்காதவர் நீங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காய் நறுக்க உட்கார்ந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நேற்று குட்டிக்கு நகம் வெட்டப் போய், முடியாமல் பக்கத்து வீட்டில் கொடுத்து வெட்டச் சொன்னேன். அந்த டியூப் கட்டும் புத்தியை உங்களோடு அங்கேயும் கொண்டுபோனீர்களா? கொண்டுபோகாமல் இருந்திருப்பீர்களா?

நான் நினைப்பதெல்லாம் பொய்யாக இருந்தால், பைத்தியக்காரி என்று திட்டி எழுதுங்கள், ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். டியூப் இன்னும் கட்டியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் போய் அறுத்துவிட்டு வாருங்கள். ஏதாவது ஆகிவிட்டிருந்தால் அதை என்னிடம் மறைக்காதீர்கள். தூரத்தில் இருக்கிறவள் என்ன செய்யப் போகிறாள் என்று நினைக்காதீர்கள். அழுவேன், அதையாவது செய்வேன் அல்லவா?

அடுத்த கடிதத்தை நீங்களே எழுதுங்கள். ஒரு வரி போதும். இடது கை முடியாது என்றால் வலது கையால் எழுதுங்கள். குட்டி முதலில் எழுதிய ‘அ’வைவிடவா கோணலாக இருக்கப் போகிறது? எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன். எத்தனை விரலோடு இருந்தாலும் அந்தக் கை வீடு வந்து சேர்ந்தால் போதும். குழாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடவுள் உங்களை எனக்காகக் காப்பாற்றித் தரட்டும்.

என்றும் உங்கள்,
வாயாடி